ஆவணி பிறந்தாச்சு, காத்து அடிச்சியா?

ஏலே பேராண்டி, வண்டியைத் துடைச்சது போதும், பெயிண்டு கழண்டு வந்துரப் போகுது. ஆடி பூராவும் திண்ணையில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவன், ஆவணி பிறந்த அன்னைக்கே கோழி கூப்பிட வாளியும் துணியுமா நிக்கிற. விசயம் யாருக்குத் தெரியாது? தாழையூத்துக்குப் போயி, ஆடிக்குத் தாய் வீடு போன உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போற. மகராசனாப் போயிட்டு வா. போறப்ப நீ மட்டுந்தான், அதைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. நீ விழுந்தாலும் எந்திரிச்சு வந்து மொதல்ல வண்டியைத்தான் தடவிப் பாப்ப. திரும்பி வாறப்ப பின் சீட்டுல ஒரு ஆள் இருப்பாளே, அதுக்குத்தான் சொல்ல வந்தேன்.

சொல்லப்போனா அதைச் சீட்டுன்னு சொல்லவே எனக்கு வாய் கூசுது. முன்னால உனக்குப் பள்ளத்துல நல்ல மெத்தை. பின்னால மேட்டுல ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. பரண் மேல ஏத்தி வச்ச பூசணிக்கா மாதிரி அந்தப் புள்ள அங்க குந்திக்கிட்டு வரணும். இதை வடிவமைச்ச மகான் கல்யாணம் பண்ணாதவனாத்தான் இருக்கணும். அவனாவது பிடிச்சுக்கிற கம்பின்னு ஒண்ணு குடுத்தான். அதையும் நீ கழட்டிட்ட. கேட்டா 'லுக்கு' கெட்டுப்போகுதாம். சாரி கார்டும் அதே கதிதான். உங்க பாட்டி அதைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக் கட்டி வச்சிருக்கா. ஊருல எந்தக் கோழியும் இம்புட்டுப் பாதுகாப்பா இருந்ததில்ல.

1989-ல போட்ட மத்திய மோட்டார் வாகன விதியில 123-ன்னு ஒண்ணு இருக்கு. பின்னால உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி இருக்கணும், கால் வைக்க மிதி இருக்கணும், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம ஒரு மறைப்பு இருக்கணும். மறைப்பு எதுக்குன்னும் அதுலயே போட்டிருக்கு, உக்காந்திருக்கவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க. டெல்லியில உக்காந்து எழுதுன ஆபீசருக்கு உன் பொண்டாட்டி முந்தானை மேல இருந்த அக்கறை, தாலி கட்டுன உனக்கு இல்லையேடா. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்துல சுத்துச்சுன்னா மொதல்ல இழுபடுறது கழுத்து. பொறவு 'அம்மா'ன்னு கத்தக்கூட வழி இருக்காது. போ, கோழிக்கிட்ட மன்னிப்புக் கேட்டு அதை வாங்கிட்டு வந்து மாட்டு. கம்பியையும் மாட்டு. அவ ஏறுனதும் முந்தானையை இழுத்து இடுப்புல சொருகச் சொல்லு. சொன்னா உன்னை முறைப்பா. முறைக்கட்டும்.

டயருக்குக் காத்து அடிச்சியா? அடிச்சேன்னு தலையாட்டுற. யாருக்கு அடிச்ச? ஒத்த ஆளுக்கா, ரெண்டு பேருக்கா? முழிக்கிற பாரு. வண்டியோட குடுத்த புஸ்தகத்தைப் பிரிச்சுப் பாத்தா பின் டயருக்கு ரெண்டு கணக்கு இருக்கும். ஒத்த ஆளுக்கு 28-ன்னா ரெண்டு பேருக்கு 32-ன்னு, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். நீ தனியாத் திரியற கணக்குல வச்சுக்கிட்டு ரெண்டு பேரு ஏறுனா, பின்பக்கம் கொழகொழன்னு ஆடும், டயரும் சூடேறும். ஒனக்கு 'என்ன இது, வண்டி வளைவுல ஒரு தினுசாப் போகுதே'ன்னு இருக்கும். பழியை அந்தப் புள்ள எடை மேல போட்டுறாத, அன்னைக்கு ராத்திரிச் சோறு கிடைக்காது. பின் ஷாக் அப்சார்பருக்கு அடியில படிப்படியா வெட்டு இருக்கும், டூல்ஸ் பையில ஒரு கொக்கி ஸ்பேனர் இருக்கும், அதைப் போட்டு ஒரு படி ரெண்டு படி இறுக்கிக்கோ. இல்லாட்டி வேகத்தடைக்கு வேகத்தடை அடிமட்டம் தட்டும். பின்பாரம் ஏறுனா முன் விளக்கும் ஆகாசத்தைப் பாக்கும். இருட்டுறதுக்குள்ள வரலேன்னா அதையும் கொஞ்சம் இறக்கி வை. எதிர்ல கண்ணு கூசி வாறவன் உன்னைத் திட்ட மாட்டான், உன் பரம்பரையைத்தான் திட்டுவான். நான் இன்னும் உசுரோட இருக்கேன், ஞாபகம் வச்சுக்கோ.

ஹெல்மெட்டு ரெண்டு எடுத்துக்கிட்டியா? ஒண்ணு உன் தலையில, இன்னொண்ணு? 'பக்கத்துலதான தாத்தா'ன்னு இழுக்காத. பின்னால உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட்டுன்னு ஐகோர்ட்டு சொல்லி, நம்ம ஊருல 2015 ஜூலையில இருந்து கட்டாயம். அதுக்குப் பொறவும் நீங்க எல்லாம் அதை முழங்கையிலயும் பெட்ரோல் டேங்குலயும்ல மாட்டிக்கிட்டுத் திரியறீக. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கறதா வாங்கு. ரோட்டோரத்துல குவிச்சு வச்சு விக்கிறதை வாங்கி, அந்தப் புள்ளைக்கு மட்டும் எடுத்தேன்னு வந்து நின்ன, உங்க மாமனார் வாய் விட்டுக் கேக்க மாட்டாரு. மனசுல குறிச்சு வச்சுக்குவாரு.

அதுல ஒரு சங்கதி இருக்கு. மாமியார் வீட்டுல இருந்து கிளம்புறப்ப தலை நிறைய மல்லியப்பூ வச்சு, பெரிசாக் கொண்டை போட்டு அனுப்புவாக. கொண்டை மேல ஹெல்மெட்டு உக்காராது, நெத்திக்கு மேல தொக்கிக்கிட்டு நிக்கும். அப்படி நிக்கிறது போடாததுக்குச் சமம். தாழ்வாப் பின்னல் போடச் சொல்லு, பூவைத் தனியாப் பொட்டலம் கட்டி வாங்கிக்கோ. இதை மாமியாருக்கு முன்னால நீ சொல்லாத. அந்தப் புள்ளையை விட்டே சொல்லச் சொல்லு. பூவை வேணாம்னு சொன்ன மாப்பிள்ளைங்கிற பேரு பொங்கலுக்குப் போனாலும் அழியாது.

ஏறுறதுக்கு ஒரு முறை இருக்கு. நீ மொதல்ல ஏறி, ரெண்டு காலையும் நல்லா ஊனி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, 'ஏறிக்கோ'ன்னு வாய் தொறந்து சொல்லணும். அதுவரைக்கும் அவ ஏறக் கூடாது. ஏறி உக்காந்து, 'ம், போகலாம்'னு அவ சொல்ற வரைக்கும் நீ கிளட்சை விடக் கூடாது. இம்புட்டுத்தான். இது தெரியாமத்தான் எத்தனையோ பேரு பொண்டாட்டியை பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டு, பேச்சு சுவாரசியத்துல அடுத்த ஊரு வரைக்கும் போயி, 'ஏன் பதிலே வரல'ன்னு திரும்பிப் பாத்திருக்காக. ஏறுறது இறங்குறது எல்லாம் இடது பக்கமா. வலது பக்கம் சைலன்சர் கொதிக்கும், கெண்டைக்கால்ல ஒரு இழுப்பு இழுத்தா தழும்பு போகாது.

இப்ப முக்கியமான பாடம், சடன் பிரேக்கு.

சிரிக்காத. உன் வயசுல இருக்கவன் எவனும் இதைச் சொல்லிக் குடுத்துக் கத்துக்கறதில்ல. முன்னால நாயும் இருக்காது, ஆளும் இருக்காது, வெறும் ரோட்டுல ஒரு அமுக்கு, பின்னால இருக்கவ வந்து முதுகுல மோதுவா. உனக்கு அது பெரிய சாமர்த்தியம். முதுகுல சுகமா மோதுன காலம் மலையேறிப் போச்சுடா. இப்ப ரெண்டு பேரும் ஹெல்மெட்டு போட்டிருக்கீக, மோதுறது மண்டையும் மண்டையும். 'டொக்கு'ன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அதுதான் உன் ஓட்டுக்கு மார்க்கு. எம்புட்டு டொக்கு விழுதோ அம்புட்டு மட்டமா ஓட்டுறன்னு அர்த்தம். பிரேக்குல மட்டுமில்ல, கியர் மாத்தி கிளட்சை வெடுக்குன்னு விட்டாலும் டொக்குதான், ஆக்சிலேட்டரை ஒரே முறுக்கா முறுக்குனாலும் டொக்குதான். வீடு வர ஒரு டொக்கும் விழாம கொண்டாந்து சேத்துட்டேன்னு அந்தப் புள்ள வாயால சொல்லட்டும், நான் உனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தாரேன். கோவில்பட்டியிலயே.

சங்கதி என்னன்னா, வண்டியில நடக்கிறது எல்லாம் உனக்கு முன்கூட்டியே தெரியும். பள்ளம் தெரியும், பிரேக்கு பிடிக்கப் போறது தெரியும், வளைக்கப் போறது தெரியும். உடம்பு தானாத் தயாராயிரும். பின்னால இருக்கவளுக்கு உன் முதுகுதான் தெரியும். அது அப்படி ஒண்ணும் பாக்கச் சகிக்கிற காட்சி இல்ல. எல்லாம் நடந்த பொறவுதான் அவளுக்குத் தெரியுது. அதுவும் நீ உக்கார்றது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவால, அவ உக்கார்றது பின் சக்கரத்துக்கு நேர் மேல. உனக்குச் சின்னக் குலுக்கு, அவளுக்குத் தூக்கிப் போடுற குலுக்கு. அதனால வேகத்தடைக்கு முந்தியே வேகத்தைக் குறைச்சு, 'தடை வருது'ன்னு ஒரு வார்த்தை சொல்லி, ஏறுற நேரத்துல பிரேக்கை விட்டுட்டு மெதுவா உருட்டி ஏத்து. வெள்ளைக் கோடு அழிஞ்ச வேகத்தடை நம்ம பக்கம் ஊருக்கு ஊரு இருக்கு. பின் சீட்டுல இருந்து சரிஞ்சு விழுந்து மண்டை ஒடைஞ்ச பொம்பளைகளைக் கேட்டுப் பாரு, பாதிப் பேரு இதைத்தான் சொல்லுவாக.

ரெண்டு பேரு பாரத்துக்கு நிறுத்தத் தூரமும் கூட வேணும். முன்னால போற பஸ்ஸு வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போகாத. பின்னால பாரம் இருக்கறதால பின் பிரேக்கு எப்பவும் விட நல்லாப் பிடிக்கும், ரெண்டையும் சேத்துப் பைய அமுக்கு. ஓவர்டேக் பண்றப்ப தனியாப் போற தைரியத்தை மூட்டை கட்டி வை. வண்டி அம்புட்டு வெரசா எழும்பாது.

ஒருச்சாஞ்சு உக்காந்து வாறதா, ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து வாறதா? இதுல நான் ஊருக்குப் பொல்லாதவன் ஆனாலும் பரவால்ல, சுடிதாரு போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு வரட்டும். பாரம் நடுவால நிக்கும், அவளுக்கும் பிடிமானம் இருக்கும். கேக்கறதுக்கு எவனாவது இருந்தா என்கிட்ட அனுப்பு. ஏன்னா நீ வாறது கயத்தாறு வழி. அங்க நிக்கிற வெள்ளைக் காத்தாலை எல்லாம் வேலை இல்லாமலா நட்டு வச்சிருக்கான்? ஆடி போனாலும் அந்தக் காத்து போகாது. தாழையூத்துல இருந்து கங்கைகொண்டான், கயத்தாறுன்னு வடக்க பாத்து வாறப்ப மேகாத்து உனக்கு இடது பக்கத்துல வந்து அறையும். ஒருச்சாஞ்சு உக்காந்தவ மூஞ்சி அந்தப் பக்கம்தான் இருக்கும். சேலை உப்பும், மண்ணு கண்ணுல அடிக்கும், அவ ஆடுவா, அவ ஆடுனா வண்டி ஆடும். ஹேண்டில்பாரை நெறிச்சுப் பிடிக்காத, காத்து தள்ளுறதை விட உன் பிடியே வண்டியை அதிகமா இழுக்கும். வேகத்தைக் குறை. இடது பக்கம் லாரி மறைச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் சுகமா இருக்கும், அதைத் தாண்டுன நொடியில ஒரே தள்ளா வலது பக்கம் தள்ளும். அங்க நடுத்திட்டு இருக்கு. அதை எதிர்பாக்கிறவன் தப்பிப்பான்.

வளைவுல வண்டி சாயறப்ப பயந்துக்கிட்டு எதிர்ப்பக்கம் சாய வேணாம்னும் அவகிட்டச் சொல்லி வை. எந்தப் பக்கம் திரும்புறியோ அந்தத் தோள் வழியா ரோட்டைப் பாத்தா போதும், உடம்பு தானா ஒத்து வரும். நிறுத்தணும்னா தோளுல ரெண்டு தட்டு தட்டச் சொல்லு. தட்டுனா நிறுத்து. 'இன்னும் கொஞ்ச தூரந்தான்'னு இழுத்துக்கிட்டுப் போகாத. முன்னால இருக்கவனுக்குக் கால் மரத்துப் போகாது, பின்னால இருக்கவளுக்கு இடுப்பே மரத்துரும். கயத்தாறுல கட்டபொம்மன் நினைவிடத்துக்கிட்ட நிறுத்தி ஆளுக்கொரு டீயைக் குடிங்க. 1799-ல அவரைத் தூக்குல போட்ட ஊரு. செல்போன்ல உங்க ரெண்டு பேரு மூஞ்சியை மட்டும் பிடிக்காம அவரையும் ஒருக்கப் பாத்துட்டு வாங்க.

கிளம்புறப்ப மாமியார் சும்மா விட மாட்டாக. முறுக்கு டின்னு, அதிரசத் தூக்குவாளி, ஒரு பை முருங்கைக்கா, வாழைத்தாரு வரைக்கும் வரும். மறுக்காத, வாங்கி, பஸ்ஸுல உங்க மச்சான் கையில குடுத்து விடச் சொல்லு. ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் பை தொங்கவிட்டா வண்டி திரும்பாது. அவ மடியில டின்னை வச்சா அவளுக்குப் பிடிக்கக் கை இருக்காது. மச்சான் 'நானும் நடுவுல ஒண்டிக்கிறேன் அத்தான்'னு வருவான். ஏத்துன, 1000 ரூபாய் அபராதம், மூணு மாசம் லைசென்சும் போகும். ஓட்டுறவனோட இன்னும் ஒரு ஆளுதான், 1988-ல போட்ட சட்டம். 1980-ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்தப்ப, ரெண்டு பேரு உக்கார்ற மொபெட்டு நாட்டுலயே இதுதான் மொதல்னு பேசிக்கிட்டாக. நம்மாளு அதுல ரெண்டு பேரு, ரெண்டு புள்ளை, ஒரு ஆட்டுக்குட்டி எல்லாம் ஏத்திப் பாத்துட்டான். ஆட்டுக்குட்டிக்கு மட்டுந்தான் அதுல உசுரு பயம் இருந்துச்சு, பாதி வழியில குதிச்சு ஓடிரும்.

வெக்கப்படாமக் கேளு, இன்னொண்ணும் சொல்லிர்றேன். அடுத்த ஆடிக்குள்ள வீட்டுல தொட்டில் கட்டுவீகன்னு உங்க பாட்டி பழைய சேலை எல்லாம் எடுத்துத் துவைச்சு வச்சிருக்கா. அதுக்கும் சட்டம் வந்தாச்சு. 2023 பிப்ரவரியில இருந்து, நாலு வயசுக்குள்ள புள்ளையைக் கூட்டிட்டுப் போனா, ஓட்டுறவன் உடம்போட சேத்துக் கட்டுற வார் வேணும், புள்ளைக்கும் ஹெல்மெட்டு வேணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்குல உக்கார வச்சு 'ஹாரன் அடி கண்ணு'ன்னு கூட்டிட்டுப் போற சோலி எல்லாம் இங்க வேணாம். 40-ல ஓட்டுறதுக்கு இன்னைக்கே பழகு. அந்த வேகத்துல போனா காத்துல உன் சட்டை பறக்காது, அது ஒண்ணுதான் நட்டம்.

என்ன, நானும் ஏறிக்கிறதா? எட்டயபுரம் விலக்கு வரைக்கும் விட்டுட்டுப் போறியா? வேணாம் ராசா, நீ போ. எனக்கு மினி பஸ்ஸு வருது.