வால்யூம் ஏத்திப் பாத்தியா?

சித்தப்பா வீட்டு டிவியில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஏகோபித்த குரலில் கேட்டார்கள்: "வால்யூம் ஏத்திப் பாத்தியா?"

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை. சத்தம் வராவிட்டால் வால்யூமை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்குக்கூட எனக்கு மூளை கிடையாது என்று இந்தக் குடும்பம் எப்போது முடிவு செய்தது? சரி, கேட்டதோடு விட்டார்களா? அதுவும் இல்லை. மாமா ரிமோட்டைப் பிடுங்கித் தன் கையால் நூறு வரை ஏற்றினார். அத்தை அதை வாங்கி, சுத்தமாக இறக்கி, மறுபடி ஏற்றினாள். கைராசியாம். எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்தார், விஷயம் என்ன என்று கேட்டார், "வால்யூம்..." என்று ஆரம்பித்தார். நான் பால்கனிக்குப் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ சேனலை மாற்ற, நூறில் இருந்த வால்யூமில் ஒரு சீரியல் மாமியார் போட்ட அலறலில் தெருநாய்கள் எழுந்து நின்றன.

"டிவி நல்லாத்தாண்டா இருக்கு. உன் வீடியோலதான் கோளாறு" என்று சித்தப்பா தீர்ப்பு சொன்னார்.

சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பழைய போட்டோ, கல்யாணக் கேசட், சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்து அனுப்பிய வாழ்த்து எல்லாவற்றையும் கோத்து ஒரு வீடியோ செய்து தருவது என் பொறுப்பு. குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அதிலிருந்து ஓய்வு கிடையாது.

லேப்டாப்பில் கேட்டது டிவியில் ஏன் கேட்கவில்லை? எம்பி4 என்பது ஒரு டிபன் கேரியர். மேல் அடுக்கில் படம், கீழ் அடுக்கில் ஒலி. டிவி மேல் அடுக்கைத் திறந்து பரிமாறிவிட்டு, கீழ் அடுக்கில் இருப்பது தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மூடி வைத்துவிடும். சில ஒலி வகைகளுக்கு டிவி கம்பெனி உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்திருந்தால் நம் வீட்டில் ஊமைப்படம்தான். லேப்டாப்பில் இருக்கும் விஎல்சி எதைப் போட்டாலும் தின்னும். அதனால் எந்தக் குறையும் நம் கண்ணில் படாது. மச்சான் பழைய கேம்கார்டரில் எடுத்துத் தந்த பகுதியோ எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே ஊமையாகத்தான் வந்து இறங்கியது. அதன் ஒலி ஏசி-3. அந்த மென்பொருளுக்கு ஏசி-3 தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லவும் தெரியாது.

மதுரை மாமாவும் அத்தையும் சேர்ந்து அனுப்பிய வாழ்த்துதான் என்னை ஆட்டி வைத்தது. ஹெட்போனில் தெளிவாகக் கேட்கிறது, போன் ஸ்பீக்கரில் மூச்சு இல்லை. இடது பக்க ஒலியலையும் வலது பக்க ஒலியலையும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகியிருந்தால், ஒற்றை ஸ்பீக்கரில் கூடும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். மாமாவும் அத்தையும் ஒரே நேரத்தில் பேசி நிசப்தம் விளைந்தது அவர்கள் தாம்பத்தியத்தில் அதுவே முதல் தடவை. ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம்.

அது முடிந்து நிமிர்ந்தால் லேப்டாப்பிலேயே சத்தம் போய்விட்டது. ஒவ்வொரு டிராக்கிலும் இருக்கிற எறும்பளவு ஸ்பீக்கர் படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் பிளஸ் டூ பாடம் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் என் பையன் இறங்கி வந்தான். "அப்பா, என் காதுக்குள்ள யாரோ சின்னத் தாத்தாவை வாழ்த்திக்கிட்டே இருக்காங்க." ப்ளூடூத்.

சத்தமே இல்லாத முதல் பிரதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்திருந்தேன். பெரியப்பா உடனே "அருமை, கண் கலங்கிவிட்டது" என்று பதில் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சத்தம் இல்லை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நான் யாருக்காக ராத்திரி கண்விழித்தேன்?

இப்போது கல்யாணக் கேசட்டுக்கு வருகிறேன். 1994-இல் எடுத்தது. விசிஆரை ஒரு நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி, மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் செருகி (சிவப்புக்கு அந்த மெஷினில் ஓட்டையே இல்லை, மோனோ) லேப்டாப்பில் ஏற்றினேன். முகூர்த்தம் முடிந்ததும் தாத்தா வருகிறார். சீர்வரிசைத் தட்டுகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார். ஆள்காட்டி விரலை உயர்த்திப் பேச ஆரம்பிக்கிறார். விடாமல் பேசுகிறார். எதிரே நிற்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பின்னணியில் 'பாசமலர்' படத்துக் கல்யாணப் பாட்டு. அந்தப் படம் வந்தது 1961-இல். தமிழ்நாட்டு வீடியோக்காரர்கள் அதிலிருந்து மீளவேயில்லை. தாத்தா வாயைத் திறக்கும்போதெல்லாம் பெண் குரலில் பாட்டு வருகிறது. பாட்டு முடிந்ததும் 'ரோஜா' படத்துப் பாட்டு. தாத்தா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவரை ஒரு இதய வடிவத்துக்குள் அடைத்து, சுழற்றி, மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அங்கேயும் விரல் ஆடுகிறது.

விஎச்எஸ் டேப்பின் அகலம் 12.7 மில்லிமீட்டர். அதில் ஒலிக்கு என்று மேல் விளிம்போரமாக ஒதுக்கிய இடம் ஒரு மில்லிமீட்டர்தான். படத்தில் கை வைக்காமல் அந்த ஓரத்தை மட்டும் அழித்து மேலே வேறு ஒலி பதிய 'ஆடியோ டப்' என்று ஒரு வசதி இருந்தது. தாத்தாவின் பேச்சு முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்தது. அதன்மேல்தான் பாட்டைப் பூசியிருக்கிறார் புண்ணியவான். காசு வாங்கிக்கொண்டு.

தாத்தா என்னதான் சொன்னார்? பந்தியில் சாம்பாருக்கு உப்பு இல்லை என்று சமையல்காரரைத் திட்டினார் என்கிறார் பெரியப்பா. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா அன்றைக்கு அழுதார், தனக்கு எழுதி வைத்த வயலைப் பற்றித்தான் சபையில் பேசினார் என்கிறாள். வயல் என்றதும் பெரியப்பா சாம்பாரில் இன்னும் உறுதியாக நிற்கிறார். சித்தி மட்டும், "என் நகையைத்தான் எண்ணிக்கிட்டிருந்தார், விரலைப் பாருங்க" என்றாள். எல்லாரும் டிவிக்குப் பக்கத்தில் போய் உதட்டைப் பார்த்தார்கள். மறுபடி ஓட்டச் சொன்னார்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னார்கள். 'உப்பு' என்றால் உதடு இரண்டு தரம் குவியுமாம். மாமா செய்து காட்டினார். 'வயல்' என்றால் மேல்பல் கீழுதட்டில் படுமாம். அத்தை செய்து காட்டினாள். கூடம் முழுக்கப் பெரியவர்கள் உப்பு, வயல், உப்பு, வயல் என்று சத்தம் வராமல் வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாத்தாவுக்குப் பல் கிடையாது என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. கமல்ஹாசன் நடித்து 1987-இல் வசனமே இல்லாமல் ஒரு படம் வந்ததே, அதற்குத் தமிழில் 'பேசும் படம்' என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி சித்தப்பா போன் செய்தார்.

"ஏண்டா, ஏஐ-ல எல்லாம் பண்றாங்களாமே. அந்தப் பாட்டை எடுத்துட்டு அப்பா குரலைக் கொண்டுவர முடியாதா?"

அழித்த குரல் அழித்ததுதான், ஏஐ கொடுத்தால் அது தானாகக் கற்பனை பண்ணிய குரலாகத்தான் இருக்கும், நாம் எழுதிக் கொடுப்பதை எல்லாம் அது சொல்லும் என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமையாக விளக்கியிருக்கக் கூடாது. போனை வைத்ததும் குழுவில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. காலையில் அத்தை அழைத்தாள். வயலின் சர்வே நம்பரைத் தெளிவாகச் சொல்கிற மாதிரி செய்யணுமாம். அவள் வைப்பதற்குள் பெரியப்பா லைனில் காத்திருந்தார்.