முள் அசையா மீட்டர்களில் ஒளியின் பெருக்கம்: நரிக்குடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

விருதுநகர் மாவட்டம் நரிக்குடியில் பொழுது சாய்ந்த பிறகு ஓடும் பைக்குகளை உற்றுப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். எந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து முள் பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடக்கிறதோ, அந்த வண்டியின் மீட்டரில்தான் எல்இடி வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். முள் ஒழுங்காக ஏறி இறங்கும் வண்டியிலோ கம்பெனி போட்டுக் கொடுத்த பல்பு மஞ்சளாக மினுங்கும். பாதி வண்டிகளில் அதுவும் இராது. முள்ளின் அசைவும் மீட்டரின் ஒளியும் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இத்துறையில் தமிழில் முன்னாய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. ஆகவே முன்னோரை மறுக்கும் சிரமமும் பின்னோருக்குப் பயப்படும் அவசியமும் நமக்கு இல்லை.

2. ஆய்வெல்லை

நிலம் நரிக்குடி. அங்கிருந்து திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் பார்த்திபனூருக்கும் போகும் சாலைகள் கிளைநிலங்கள். மானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம், மணலைவிடச் சீமைக்கருவேலம் அதிகம். சாலையின் இரு பக்கமும் அந்த மரம்தான். நடுநடுவே கரிமூட்டப் புகை. தெருவிளக்கு ஊர் எல்லையோடு நின்றுவிடும். அடுத்த ஊர் வரும்வரை நிலாவும் ஹெட்லைட்டும் மீட்டரும்தான் வெளிச்சம்.

இது பாலைத்திணை என்பதில் புலவர்களுக்குள் கருத்து வேறுபாடு வராது. ஆனால் ஒரு சிக்கல். தொல்காப்பியர் பாலைக்குரிய பொழுதாக நண்பகலை வகுத்துவிட்டார். நண்பகலில் மீட்டர் விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? நெடுங்காலம் தீராதிருந்த இந்த வழக்கை மத்திய அரசு தீர்த்து வைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய பைக்குகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தது. அணைக்கும் சுவிட்சும் போயிற்று. பெரும்பாலான வண்டிகளில் ஹெட்லைட்டோடு மீட்டர் விளக்கும் சேர்ந்தே எரிவதால், இன்று அக்கினி நட்சத்திரத்து உச்சிவெயிலிலும் நரிக்குடிச் சாலையில் மீட்டர்கள் நீலமாக எரிகின்றன. யாருக்கும் தெரிவதில்லை, இலக்கணம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

3. வரலாறு

மீட்டரின் கதை 1902-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் கேபிள் மீட்டர்களுக்குள் இருக்கிறது. முன்சக்கரத்துப் பினியன் கேபிளின் உட்கம்பியைச் சுழற்றும். கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடியபடி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, கிண்ணம் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் போகவிடாமல் பிடிக்கும். இழுபறி எங்கே சமன்படுகிறதோ அங்கே முள் நிற்கும். இத்தனை நுட்பத்துக்கும் எமன், சக்கரத்தருகே புகும் கரிசல் சேறும் புழுதியும். உட்கம்பி ஒரு நாள் அறுகிறது, முள் படுக்கிறது, அன்றிலிருந்து அந்த வண்டி எத்தனை ஆண்டு ஓடினாலும் மீட்டர் கணக்கில் ஒரு கிலோமீட்டர் கூட ஓடுவதில்லை. விற்கும்போது ‘கம்மியா ஓடுன வண்டி’ என்று சொல்வதற்கு இது கை கொடுக்கும்.

விளக்கின் வரலாறு வேறு. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, 1994-இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. இரண்டிலும் மீட்டருக்கு இழைப் பல்புதான். அதற்கு நிறம் ஏற்றிய முதற்கட்டத்தை நெயில் பாலிஷ் காலம் எனலாம். அக்காவின் அலமாரியிலிருந்து நகர்ந்த சிவப்புப் பாலிஷைப் பல்பின் மேல் பூசி ஹோல்டரில் செருகினார்கள். பல்பின் சூட்டில் பாலிஷ் கருகி, சிவப்பு பழுப்பாகி, பழுப்பு இருட்டாக முடிந்தது. மிட்டாயின் கண்ணாடித்தாளைச் சுற்றியவர்களும் உண்டு; அவர்களது பல்பு கொஞ்ச நாள் கூடுதலாக மணத்தது.

எல்இடி காலம் இதன் பிறகு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்தது 1962-இல். கண்ணைப் பறிக்கும் நீலத்துக்கு உலகம் மேலும் 31 ஆண்டுகள் காத்திருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சூஜி நகாமுரா அதை 1993-இல் சாதித்தார். அவருக்கும், முன்வழி அமைத்த அகசாகி, அமானோ இருவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வெள்ளை விளக்குக்கு வழி திறந்ததற்காகப் பரிசு என்று தேர்வுக்குழு சொன்னது. மீட்டர் விளக்கை அக்குழு கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

4. செய்முறை

களம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் கடை. பொழுது, விளக்கு வைக்கும் நேரம்.

“அண்ணே, மீட்டருக்கு நீலம் போடணும்ணே.”

“கேபிள் அந்து கெடக்கேப்பா. அத மொதல்ல மாத்துவமா?”

“அது கெடக்கட்டும்ணே. நீங்க லைட்டப் போடுங்க.”

கருதுகோளுக்கு இதைவிடத் துல்லியமான சான்று ஆய்வகத்திலும் கிடைக்காது. மெக்கானிக் மேற்கொண்டு வாதிடவில்லை. ஹெட்லைட் டூமின் இரு பக்கத்துத் திருகையும் கழற்றி, டூமை மடியில் சாய்த்தார். உள்ளே ஒயர்க் கொத்து. ஏதோ ஒரு காலத்தில் யாரோ சுற்றிய டேப் பிசுபிசுத்துத் தொங்கியது. மீட்டரின் அடியில் கையை விட்டு ரப்பர் ஹோல்டரை இழுத்தார். சின்னஞ்சிறு கண்ணாடிப் பல்பு வெளியே வந்தது, உட்பக்கம் புகை பிடித்தாற்போலக் கருத்து. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எந்த மெக்கானிக்கும் எரிகிற பல்பைத் தூக்கி எறிவதில்லை. அதே ஹோல்டரில் நீல எல்இடியைச் செருகினார். எரியவில்லை. பையனின் முகம் வாடியது. மெக்கானிக் உருவித் திருப்பிச் செருகினார். எரிந்தது.

இழைப் பல்புக்கு முன்பின் கிடையாது, எல்இடிக்கு உண்டு. மின்சாரம் ஒரு திசையில் வந்தால்தான் அது கண் திறக்கும். இது பேட்டரி மின்சாரத்தில் எரியும் மீட்டருக்கு. பழைய ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் ஹெட்லைட்டும் மீட்டரும் மேக்னட் காயிலிலிருந்து வரும் ஏசியில் எரியும். அங்கே எப்படிச் செருகினாலும் எரியும், ஆனால் அலையின் பாதிக்கு மட்டும். எனவே வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது வெளிச்சம் நடுங்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் நடுக்கம் நின்று பிரகாசம் கூடும். ஆய்வின் இடையில் கிடைத்த கண்டுபிடிப்பு இது: முள் செத்த வண்டியில் எஞ்சினின் வேகத்தைச் சொல்லும் பொறுப்பை விளக்கே ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்று, மீட்டரில் இடம் வலம் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிகளின் கதை. அந்தப் பல்பு இரண்டு பக்கத்து ஒயருக்கும் நடுவே கட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் ஒரு திசையில் போகும், வலப்பக்கம் போட்டால் எதிர்த்திசையில். அந்த இடத்தில் எல்இடியைச் செருகினால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் கண் சிமிட்டும். மறுபக்கம் திரும்பினால் மௌனம் காக்கும். கொள்கைப் பிடிப்புள்ள இந்த விளக்கை வழிக்குக் கொண்டுவர இரண்டு டயோடு வேண்டும். இரண்டு டயோடு வாங்குவதைவிட ஒரே பக்கம் திரும்புவது சிக்கனம் என்று கருதுவோரும் உளர்.

தனி எல்இடி வாங்கி ஒட்டுவோர் அதற்கு முன் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும். நீல எல்இடிக்குத் தேவை 3 வோல்ட்டுக்குச் சற்று மேல். மிச்சத்தை விழுங்க 560 ஓம் போதும்: பச்சை, நீலம், பழுப்பு வளையம். ரெசிஸ்டர் வைக்காத எல்இடி அன்றிரவே வீரமரணம் அடையும்.

5. நிறவழிப் பகுப்பு

நீலர். பெரும்பான்மைச் சமூகம். இவர்களுக்கு எதிராக நிற்பது இயற்கை. இருட்டில் நமக்குக் கண் தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவை ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலப்பச்சையில், மிகக் கூர்மையாக இயங்கும். அதே வெளிச்சம் கூடினால் மிக வேகமாகக் குருடாகும். மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். அதற்குள் நரிக்குடியிலிருந்து கிளம்பியவன் திருச்சுழி சேர்ந்துவிடுவான். இடையில் கிடை மாற்றிக்கொண்டு ரோட்டைக் கடக்கும் ஆட்டு மந்தை இவனைப் பார்த்துவிடும். இவன்தான் மந்தையைப் பார்க்கமாட்டான்.

செவ்வர். சிறுபான்மையினர், அறிவியலின் ஆதரவு பெற்றவர்கள். குச்சி செல்களைச் சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. கப்பல்களிலும் விமானி அறைகளிலும் சிவப்பு விளக்கை வைத்த காரணம் இதுவே. பிஎம்டபிள்யூ நெடுங்காலம் தன் கார் மீட்டர்களை ஆரஞ்சுச் சிவப்பில் எரித்தது. சுவீடனின் சாப் நிறுவனம் ஒரு படி மேலே போய், ஒரு பொத்தானை அமுக்கினால் வேகம் காட்டும் பகுதி தவிர மற்றதெல்லாம் அணையும்படி செய்தது. நரிக்குடி முறை இதற்கு நேர் எதிர்: வேகம் காட்டும் பகுதி அணைந்துவிட்டது, மற்றதெல்லாம் எரிகிறது. செவ்வருக்கு உள்ள ஒரே ஆபத்து, பச்சை வடிகட்டி வைத்த பழைய டயல். எல்இடியின் சிவப்பில் பச்சையே கிடையாது. பச்சை வடிகட்டியோ பச்சையைத் தவிர வேறெதையும் விடாது. விளைவு, காசு கொடுத்து வாங்கிய இருட்டு.

வெள்ளையர். உண்மையில் இவர்களும் நீலரே. வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது.

பலநிறத்தார். ரிமோட் வைத்திருப்பர். ரிமோட் தொலைந்த அன்று எந்த நிறம் எரிந்ததோ, அதுவே அவர்களுக்கு ஆயுள் நிறம்.

6. கருதுகோள் நிறுவல்

கேபிளின் விலை ஒரு மட்டன் பிரியாணியைத் தாண்டாது. அப்படியிருந்தும் விளக்கு முந்துவது ஏன்? கேபிள் மாற்றினால் ஓட்டுபவனுக்கு மட்டும் தெரியும். அவனுக்கோ அது தேவைப்படுவதில்லை. பழகிய சாலையில் எந்தப் பள்ளம் எந்த வேகத்தில் இடுப்பை எப்படி உலுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். விளக்கு மாற்றினாலோ டீக்கடை பெஞ்சு முழுக்கத் தெரியும். மேலும் மீட்டர் மேல்நோக்கிச் சாய்ந்த கருவி. அதன் ஒளி போய் விழும் இடம் சாலை அல்ல, ஓட்டுபவனின் முகம். மோவாயில் தொடங்கி மீசை வரை நீலம் பூசி, நெற்றியை நிழலில் விட்டு, சினிமாவில் வில்லன் அறிமுகமாகும் கோணத்தை அது இலவசமாகத் தருகிறது. ஹெல்மெட் டேங்கின் மேலோ முழங்கையிலோ தொங்குவதன் ஒளியியல் காரணமும் இதுவே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலையைக் காக்கச் சொல்கிறது. தலையை மூடினால் முகத்துக்கு விளக்கு எதற்கு?

பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, ‘நான் யார்?’ என்று தனக்குள் கேட்டுப் பார்க்கச் சொன்னார். நரிக்குடிச் சாலையில் நீல வெளிச்சத்தோடு போகிறவனும் அதே கேள்வியைத்தான் கேட்கிறான், டீக்கடைப் பெஞ்சைப் பார்த்து, “நான் யாரு, தெரியுதா?”

7. மறுப்பும் விடையும்

எல்இடியால் பேட்டரி மிச்சம் என்பர். பரவலாகப் புழங்கும் மீட்டர் பல்பு 12 வோல்ட், 3.4 வாட், எல்இடி ஒரு வாட் கூடக் கேட்காது. சேமிப்பு உண்மை. ஆனால் அளவு பார்க்க வேண்டாமா? நமக்கு அடுத்த கமுதிப் பக்கத்தில் 2016 முதல் இயங்கும் சூரியமின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அதைக்கொண்டு 19 கோடி மீட்டர் பல்புகளைப் பழைய முறையிலேயே எரிக்கலாம். நரிக்குடி ஒன்றியத்தில் அவ்வளவு வண்டிகள் இல்லை. ஒரே தடை, பல்பு தேவைப்படும் நேரத்தில் சூரியன் இருக்காது.

சட்டம் தடுக்குமே என்பர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. ஆர்சியில் வண்டியின் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மீட்டர் விளக்கின் நிறத்துக்குக் கட்டம் இல்லை.

8. பரிந்துரைகள்

ஒன்று, நிறம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ, ஒளி மங்கலாகவும் இருக்கட்டும், ஆடுகள் வாழ்த்தும். இரண்டு, ரெசிஸ்டரில் சிக்கனம் வேண்டாம். மூன்று, மீட்டரைப் பிரித்தவர் ரப்பரை ஒழுங்காக உட்கார வைத்து மூடுக. இல்லையேல் மழை காணாத பூமியிலும் மார்கழிப் பனி கண்ணாடிக்குள் புகுந்து குடியிருக்கும். நான்கு, கேபிள். இதைப் பரிந்துரைத்த மெக்கானிக்கின் கதி மேலே சொல்லப்பட்டது, ஆகவே வலியுறுத்தவில்லை.

எனினும் மீட்டர் விளக்கால் வேகத்தை அறியவே முடியாது என்று முடிவு கட்டுவது அவசரம். நம் ஆள் என்றாவது அருப்புக்கோட்டை போய் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறுவான். அங்கே காவல்துறையின் வேகம் பிடிக்கும் கருவி ஒன்று நின்றிருந்தால், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தான் என்று எண்ணாலும் எழுத்தாலும் தெளிவாக எழுதிய அபராதச் சீட்டு கையில் வரும். இரவு நேரம், அச்சும் பொடி எழுத்து. அதைப் படிக்க மீட்டர் வெளிச்சம் தாராளமாகப் போதும்.