பதினேழு பேனாக்களின் சொந்தக்காரன்

"சார், ஸ்பீட் போஸ்ட். கையெழுத்து போடணும். பேனா இருக்கா?"

மே மாதத்து நடுப்பகல். திருச்சி எடமலைப்பட்டி புதூர் வெயிலில் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிவந்து நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "பேனாதானே? எத்தனை வேணும்?" என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்கு அடுத்த இருபது நிமிடம் நான் கட்டிய அபராதம்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. அன்றைக்குக் கவிழ்த்துக் கொட்டியபோதுதான் கணக்குத் தெரிந்தது: பதினெட்டு உருப்படிகள். ஒன்று தெர்மாமீட்டர். மீதிப் பதினேழும் பேனா. ஒன்றுக்கும் மூடி இல்லை. முதல் பேனா பேப்பர் ஓரத்தில் அழகாகக் கோடு போட்டது, மைதான் வரவில்லை. இரண்டாவது, என் இனிஷியலை எழுதிவிட்டு உயிரை விட்டது. மூன்றாவதுக்கு முனையே கிடையாது. அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடுவதில்லை, என்னையும் சேர்த்து.

எழுதாத பேனாவுக்குத் தமிழ்நாட்டில் பரம்பரை வைத்தியம் இருக்கிறது. உதறு, ஊது, உள்ளங்கையில் வைத்து உருட்டு, தீக்குச்சியைக் காட்டு, கடைசியாகச் செருப்பின் அடியில் தேய். வரிசைக்கிரமமாகச் செய்தேன். உதறியதில் தோள்பட்டைதான் பிடித்துக்கொண்டது. உள்ளே இருப்பது மைப்பேனாவின் தண்ணீர் மை அல்ல; கிரீஸ் போலக் கெட்டியான எண்ணெய் மை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபைல் மாதிரி, உதறினாலெல்லாம் நகராது. சூடு காட்டினால் கொஞ்சம் இளகும். செருப்பு வைத்தியத்தில்தான் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது: முனையில் சிக்கிக்கொண்ட குண்டு, ரப்பரில் தேய்க்கும்போது உருண்டு விடுபடும். நான் வெறுங்காலில் நின்றதால் போஸ்ட்மேன் தன் செருப்பையே கழற்றிக் கொடுத்தார். அரசாங்க ஊழியர் ஒருவரை என் வாசலில் ஒற்றைக் காலில் நிற்க வைத்த பெருமை அன்று எனக்குக் கிடைத்தது.

தேய்த்துக்கொண்டே யோசித்தேன். அந்தக் குண்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டரோ, அதற்கும் குறைவோதான். டங்ஸ்டன் கார்பைடால் ஆனது; எஃகைவிடக் கடினம். குண்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் குழிக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி. என் தலையில் எஞ்சியிருக்கும் முடிகளில் ஒன்றைக்கூட அதற்குள் நுழைக்க முடியாது. இடைவெளி கூடினால் மை ஒழுகும், குறைந்தால் எழுதாது. 2013 டிசம்பரில் நிலவில் ஊர்தியை இறக்கிய சீனா, பேனா முனைக்கான உருக்கை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அப்போதைய பிரதமர் லீ கெச்சியாங்கே அதை வெளிப்படையாகச் சொல்லி வருத்தப்பட்டார். தையுவான் உருக்காலை அந்த உருக்கைச் செய்து காட்டியது 2017 ஜனவரியில்தான். நிலவுக்குப் போவது சுலபம், ஐந்து ரூபாய்ப் பேனா செய்வதுதான் கஷ்டம் என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்தக் குண்டு முனையை உருப்படியாக்கியவர் லாஸ்லோ பீரோ. ஹங்கேரிப் பத்திரிகையாளர். அச்சகத்து மை சட்டென்று காய்வதைப் பார்த்து, ரசாயனம் தெரிந்த தம் சகோதரரோடு சேர்ந்து உழைத்து, 1938-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு அர்ஜென்டினாவுக்குக் குடியேறினார். அங்கே இன்றைக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கு 'பிரோமே' என்றுதான் பெயர். பேனாவைக் கண்டுபிடித்தவர் பீரோ. எங்கள் வீட்டில் பேனாவைக் கண்டுபிடிப்பதும் பீரோவுக்கு அடியில்தான். பெயர்ப்பொருத்தம் என்றால் இதுதான்.

அதை ஏழைக்கும் எட்டும்படி செய்தவர் பிரான்ஸ் நாட்டின் மார்செல் பிஷ். தன் பெயரின் (Bich) கடைசி எழுத்தை வெட்டிவிட்டு 'பிக்' என்ற பேனாவை 1950 டிசம்பரில் கடைக்குக் கொண்டுவந்தார். மேஜையிலிருந்து உருண்டு விழாமலிருக்க ஆறு பட்டை. மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கண்ணாடி போன்ற உடம்பு. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க விலாவில் ஒரு பொட்டுத் துளை. 2006-க்குள் 10,000 கோடி பேனா விற்றாயிற்று. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் அதற்கு இடம் கொடுத்தாயிற்று. எழுபத்தைந்து வருடத்தில் வெளியே தெரியும்படி செய்த பெரிய திருத்தம், 1991-ல் மூடியின் உச்சியில் போட்ட ஓட்டை. குழந்தை மூடியை விழுங்கிவிட்டால் மூச்சு முட்டாமலிருக்க அந்த ஓட்டை. பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்கிறான் கஞ்சப்பயல் என்று நான் முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் கட்டிய வீட்டில் பாத்ரூம் கதவை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். தாழ்ப்பாள் இன்னும் விழுவதில்லை.

நமக்குப் பால்பாயிண்ட் என்றால் ரெனால்ட்ஸ்தான். வெள்ளை உடம்பு, நீல மூடி, மேலே '045 ஃபைன் கார்பூர்' என்று எழுத்து. 1980-களில் வந்தது. கார்பூர் என்றால் கோலாப்பூர் மாதிரி ஏதோ ஊர் என்று நாங்கள் நம்பினோம். அது அந்தக் குண்டின் கார்பைடுக்குப் பிரெஞ்சுப் பெயர் என்று தெரியவந்தபோது என் பெண்ணின் கல்யாணமே முடிந்துவிட்டது. எங்கள் பள்ளியில் வாத்தியார், "பால் பேனாவுல எழுதினா கையெழுத்து கெடும், கையெழுத்து கெட்டா தலையெழுத்தும் கெடும்" என்பார். நான் மைப்பேனாவில்தான் எழுதினேன். இரண்டும் கெட்டது.

2023 ஆகஸ்டில் ரெனால்ட்ஸ் 045 நிற்கப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் கண்ணீர் மல்க எட்டு வரியில் அஞ்சலி செலுத்தினேன். சில நாளிலேயே கம்பெனி, அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்துவிட்டது. "அந்தப் பேனாவைக் கடைசியா எப்பங்க காசு குடுத்து வாங்குனீங்க?" என்று கேட்டாள் மனைவி. அஞ்சலியை அழித்துவிட்டேன்.

அவளுக்கு இந்த விஷயத்தில் என்னைவிட ஞானம் அதிகம். சுவரில் மாட்டிய காலண்டரில் பால் கணக்கு எழுதும்போது, நாலு எழுத்துக்கு மேல் எந்தப் பேனாவும் எழுதாது. ஒவ்வொரு மாதமும் பேனாவைத் திட்டுவேன். "முனை மேல பாத்து நின்னா மை எப்படிங்க கீழ இறங்கும்? காலண்டரைக் கழட்டி மேஜைல வெச்சு எழுதுங்க" என்றாள் ஒருநாள். புவியீர்ப்பு விசையை எனக்குப் புரியவைத்தவர்களில் நியூட்டனுக்கு அடுத்தவள் இவள்தான்.

ஒரு பிக் பேனா 2 கிலோமீட்டருக்கு மேல் கோடு போடுமாம். எங்கள் வாசலில் ஆரம்பித்தால் கிராப்பட்டியைத் தாண்டலாம். ஆனால் என் கையில் மை தீர்ந்து இயற்கை மரணம் அடைந்த பேனா ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பாதியில் காணாமல் போகும், அல்லது பாதியில் வந்து சேரும். அந்தப் பதினேழும் அப்படி வந்தவைதான். ஒன்றில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பெயர், ஒன்றில் மெடிக்கல் ஷாப் பெயர். இரண்டு, மொய் எழுதும் மேஜையிலிருந்து. ஒன்றின் வாலில் அரை முழம் சணல் கயிறு தொங்குகிறது. அது எந்தக் கவுண்டரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

இதற்குள் போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மின்விசிறியின் வேகத்தையும் கூட்டச் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து அம்மா குரல்: "டேய், சாமி அலமாரில என் பேனா இருக்கு. எடுத்துக்கோ."

அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. தினமும் விடியற்காலை நீள நோட்டில் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் அதே வெள்ளை உடம்பு நீல மூடிப் பேனா. ரீஃபில்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் மூணு பக்கம் வரும்" என்பாள். மூன்று பக்கம் வரும். தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் ரீஃபில் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வாள். எங்கள் வீட்டில் பேனா முழு ஆயுசு வாழ்வது அந்த அலமாரியில் மட்டும்தான்.

எடுத்தேன். தொட்டதும் எழுதியது. கையெழுத்துப் போட்டேன். போஸ்ட்மேன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பேனாவைப் பழக்க தோஷத்தில் காதிடுக்கில் செருகிக்கொண்டு தபாலைப் பிரித்தேன். வங்கிக் கடிதம்: உங்கள் கையெழுத்து எங்களிடமுள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை, நேரில் வரவும்.

"பேனா எங்கடா?" என்றாள் அம்மா. திரும்பினேன். அவள் கையில் நீல மூடி. நான் அலமாரியை நெருங்குவதற்குள் மூடியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறாள். "யாருக்குப் பேனா குடுத்தாலும் மூடியக் குடுக்கக் கூடாது. மூடி இல்லாத பேனாவ எவனும் பையில வெச்சுக்க மாட்டான்."

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பதினேழு பேனா, ஒரு மூடி இல்லை. திறந்த முனையில் தூசி அடைத்துக் குண்டு சுழலாமல் போனதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. இந்தத் திருச்சி ஜில்லாவில் எங்கெங்கோ பதினேழு பேர், கையில் மூடியோடு எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

மறுநாள் தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பேனா வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் கயிறு இருந்தது, பேனா இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "சார், பேனா இருக்கா?" என்றார். மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் கொடுத்தேன்.

மூடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.