கடவுளுக்கு சம்மன் அனுப்ப முடியாதாம்

2008 ஜூன் 20, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. ஃபெங்ஷென் சூறாவளி பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்தாயிற்று. மணிலாவுக்கு முதல் எண் எச்சரிக்கை. நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவார்களே, அந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு செபூ தீவுக்குப் புறப்பட்டது 'பிரின்சஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ்' கப்பல்.

விதியை மீறிவிட்டார்களே என்று கொதிக்காதீர்கள். விதிப்படிதான் போனார்கள். முதல் எண் எச்சரிக்கையில் சின்னக் கப்பல்கள்தான் கரையில் நிற்க வேண்டும். பெரிய கப்பல்கள் போகலாம் என்று அன்றைய விதியில் இடமிருந்தது. இதுவோ 23,824 டன். புயலில் கடலுக்குப் போவது படகுக்காரன் என்றால் அது திமிர். கம்பெனி என்றால் அது கால அட்டவணை. காற்றுக்கு மட்டும் யாரும் இந்த விதியைப் படித்துக் காட்டவில்லை போலும்.

மறுநாள் ரோம்ப்லோன் மாகாணத்தில் சிபுயான் தீவுக்கருகே கப்பல் குப்புறக் கவிழ்ந்தது. முக்கோணமாய் அதன் மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கரையில் செருப்புகள் ஒதுங்கின. பிழைத்தவர்கள் அறுபது பேர்கூட இல்லை.

அமெரிக்காவுக்குப் போயிருந்த பிலிப்பைன்ஸ் அதிபர் அரோயோ அங்கிருந்தே காணொலியில் அதிகாரிகளைக் கடிந்துகொண்டார்: ஏன் கப்பலைப் போகவிட்டீர்கள்? நல்ல கேள்வி. போகலாம் என்று விதி வைத்திருந்ததும் அவருடைய அரசாங்கம்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் நினைவுபடுத்த யாருக்குத் துணிச்சல் வரும்?

கப்பல் கம்பெனியான சுல்பீசியோ லைன்ஸ், இது கடவுளின் செயல் என்றது. கடவுளுக்கு சம்மன் சார்வு செய்ய முகவரி கிடையாது. ஆகவே வானிலை நிலையத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது! கணிப்பு பிசகியதென்னவோ மெய்தான். வடக்கே திரும்பும் என்று சொன்ன புயல் மேற்கே வந்தது. ஆனால் புயல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது புயல்தானே ஐயா? எண்ணூறு உயிரைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, நீதிமன்றத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது கம்பெனி.

கடவுளுக்கும் இந்தக் கம்பெனிக்கும் பழைய பழக்கம். 1987இல் அதன் 'டோனா பாஸ்' எண்ணெய்க் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. பயணிகள் பட்டியலில் இருந்தவர்கள் 1,500 சொச்சம். செத்தவர்கள் 4,000க்கும் மேல். அடுத்த வருஷமே புயலில் 'டோனா மரிலின்', 300க்கும் மேற்பட்டோர். 1998இல், மறுபடி புயலில், 'பிரின்சஸ் ஆஃப் தி ஓரியன்ட்'. அப்புறம் இது. இருபத்தோரு வருஷத்தில் நாலு முறை கடவுள் குறிவைத்து ஒரே கம்பெனியின் கப்பலையே கவிழ்க்கிறார் என்றால், அவரிடம் அந்தக் கம்பெனியின் பங்குகள் இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். முக்குளிப்போர் உள்ளே இறங்கிப் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான், கப்பலில் 10 டன் எண்டோசல்ஃபான் இருப்பது வெளியே வந்தது. அது பாதித்த காசர்கோட்டுக் குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அன்னாசித் தோட்டத்துக்குப் போக வேண்டிய விஷம், பயணிகளின் காலுக்குக் கீழே சவாரி செய்திருக்கிறது. முக்குளிப்பு நின்றது. அங்கே மீன் பிடிக்கத் தடை வந்தது. கடலை நம்பியிருந்தவன் அடுப்பும் அணைந்தது. அக்டோபரில் பக்குவமாகப் பெட்டி பெட்டியாக விஷத்தை மேலே எடுத்தார்கள். கப்பலுக்குள் கிடந்த மனிதர்கள் அதுவரை காத்திருந்தார்கள். பலர் கிடைக்கவேயில்லை.

கம்பெனி பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டது. பயணிகளை ஏற்றும் உரிமத்தை அரசு ரத்து செய்தது, ஏழு வருஷம் நிதானமாக யோசித்து, 2015இல். சரக்கு ஏற்றத் தடையில்லை. அதுவும் நியாயம்தான். அந்தக் கப்பலில் ஏறியவற்றில் பத்திரமாகக் கரை சேர்ந்தது சரக்குதானே.