திருவிடந்தை ராக்கெட்டும் திரும்பி வரும் மாலையும்

செங்கல்பட்டுச் சீமைக்கு ராக்கெட் ஒன்றும் புதுசு இல்லை. 1780 செப்டம்பரிலேயே காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு ஆட்கள் விட்டுக் காட்டிவிட்டார்கள். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, மூங்கிலில் கட்டி, கர்னல் பெய்லியின் கும்பெனிப் படைமேல் ஏவினார்கள். பெய்லி சிறைப்பட்டார். போன ராக்கெட் திரும்பி வரவேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவில்லை; வந்திருந்தால்தான் வம்பு. பிற்பாடு சீரங்கப்பட்டணத்தில் கிடைத்ததை வெள்ளைக்காரர்கள் சுருட்டிக்கொண்டு போக, காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்துத் தன் பெயரிலேயே ஒரு ராக்கெட் செய்துகொண்டார். மறுபயன்பாட்டில் அவர்தான் முன்னோடி.

நாம் திரும்பி வரும் ராக்கெட்டுக்கு ஆசைப்பட்டது ரொம்பப் பிந்தி. 2016 மே 23 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இறக்கை வைத்த குட்டிக் கலம் ஒன்றை 65 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. சமர்த்தாகத் திரும்பியது, வங்கக் கடலுக்குள். மிதக்கிற ஜாதி இல்லை, அதோடு சரி.

2024 ஆகஸ்ட் 24 அன்று நம் திருவிடந்தைக் கடற்கரைக்கு முறை வந்தது. ஸ்பேஸ் சோன் இந்தியாவும் மார்ட்டின் குழுமமும் சேர்ந்து ரூமி-1 என்ற ஹைபிரிட் ராக்கெட்டை விட்டன. ஏவுதளம்கூட ஊரூராக நகர்த்தக்கூடியது. மேலே போனவை 3 கியூப் செயற்கைக்கோள்கள், 50 பிக்கோ செயற்கைக்கோள்கள். இறங்குவதற்குப் பாராசூட், அதை விரிக்க மின்சாரம்தான், வெடிமருந்து கிடையாது. நம் ஊர்க் காதுகுத்துக்குக்கூட இதைவிட அதிக மருந்து வெடிக்கும்! இந்தியாவின் முதல் மறுபயன்பாட்டு ஹைபிரிட் ராக்கெட் என்று அன்றைக்கே பட்டமும் கட்டிவிட்டார்கள்.

பக்கத்திலேயே நித்தியகல்யாணப் பெருமாள் கோவில். வரன் அமையாதவர்கள் சாமிக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். மாலை வாங்கிய அன்றைக்கே யாரையும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. ராக்கெட்காரர்கள் ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

ஈலான் மஸ்க் கூட்டமே 2015 டிசம்பரில் பால்கன்-9 ராக்கெட்டைத் தரையில் நிறுத்திக் கைதட்டு வாங்கிய பிறகு, ஒருமுறை பறந்ததை மறுபடி பறக்கவிட 2017 மார்ச் ஆயிற்று. இஸ்ரோவின் புஷ்பக் என்ற இறக்கைக் கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய்ச் சித்ரதுர்கா பக்கம் நாலரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டார்கள். 2024 மார்ச்சில் ஓடுபாதையில் இறங்கியதே ஜூனிலும் வந்து இறங்கியது. அதே உடல், அதே கருவிகள். பட்டம் அதற்குத் தகும். ரூமிக்காரர்களும் ஏறி இறங்கிய அதே கூட்டை இன்னொரு தரம் ஏற்றிக் காட்டட்டும், மாலை நாமே வாங்கிப் போடுவோம்.