அண்ணனுக்கு மூன்று முட்டை

1991-இல் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. உடம்பை ஏத்தணும் என்று அவன் முடிவெடுத்ததும் செல்லூரில் இருந்த எங்கள் சின்ன வீடு மொத்தமும் அந்த முடிவுக்குப் பின்னால் நின்றது. அப்பா தறியில் உட்கார்ந்திருந்தவர். வருமானம் வாரக் கூலிதான். ஆனாலும் தினம் மூன்று முட்டையும் அரை லிட்டர் பாலும் அண்ணனுக்கென்று தனியாக வந்தன. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடுவது என் வேலை. பாசிப்பயறை ஈரத்துணியில் கட்டி முளை விட வைப்பதும் நான்தான். எனக்குப் பத்தொன்பது வயது.

அவன் போனது ஒரு தேகப்பயிற்சி சாலைக்கு. ஓட்டுக் கொட்டகை, மண் தரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், அதற்குப் பக்கத்தில் அர்னால்டின் போஸ்டர். பழைய பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்டுக் கலவையை ஊற்றி, நடுவே இரும்புக் குழாயைச் செருகி, அதுதான் பளு. மூலையில் கர்லாக்கட்டைகள், பிடி தேய்ந்து வழவழவென்று. வாத்தியார் எடுத்த எடுப்பில் யாரையும் பளுவைத் தொட விடமாட்டார். முதலில் தண்டாலும் பஸ்கியும். மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது பழகிய பிறகுதான் இரும்பு. கோயம்புத்தூரில் உடற்பயிற்சியால் பேர் வாங்கி, பிறகு படமெடுக்க வந்த சாண்டோ சின்னப்பா தேவரைப் பற்றி அங்கே பெரியவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். 1905-இல் இந்தியாவைச் சுற்றி வந்த யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன்காரரின் பேர்தான் இப்படி நம்மூர்ப் பயில்வான்களின் பேருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

இதையெல்லாம் வாசலில் நின்றுதான் பார்த்தேன். பால் தூக்குவாளியைக் கொடுக்கப் போவேன், வாங்கிக்கொள்வார்கள், திரும்பிவிடுவேன். பெண்பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

அம்மா ஓரவஞ்சனை செய்தாள் என்று சொல்ல மாட்டேன். நான் வயசுக்கு வந்தபோது கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, இடுப்புக்குப் பலம் என்று ஊட்டினவளும் அவள்தான். அந்தக் களியில் இருந்த அறிவு பெரிது. நூறு கிராம் உளுந்தில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் அந்தக் கவனிப்பு சடங்கு முடியும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் உடம்புக்குப் பலம் வேண்டும் என்ற பேச்சு அவள் பிள்ளை உண்டாகும்போதுதான் மறுபடி எழும். நடுவில் உள்ள வருஷங்களுக்குச் சோறும் குழம்பும் போதும் என்பது எல்லா வீட்டிலும் இருந்த நினைப்பு. மிஞ்சியதைச் சாப்பிடுவதை அம்மா ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

அண்ணன் முட்டையைப் பச்சையாக உடைத்துப் பாலில் கலந்து குடிப்பான். வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பது அந்தக் கொட்டகையில் எல்லோருடைய நம்பிக்கையும். உண்மை நேர்மாறானது. அவித்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதத்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. பச்சை முட்டையில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று முட்டையை அவித்திருந்தால் அவனுக்கு இரண்டே போதும். மூன்றாவதை வேறொருவர் சாப்பிட்டிருக்கலாம்.

என் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, நாளெல்லாம் நாற்காலி. போன வருஷம் அவளும் உடம்பைப் பற்றி ஒரு முடிவெடுத்தாள்: குறைக்கணும். அவளுக்கு வாத்தியார் இல்லை, கைபேசிதான் இருந்தது. அது ஒரு திட்டம் கொடுத்தது: ஒரு நாளைக்கு 800 கலோரி, சோறு அறவே கிடையாது, காலையில் ஓட்ஸ், ராத்திரி வெள்ளரிக்காய். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே முடியும் கொட்டியது. ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு வரவழைத்து இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான்.

உடம்பைக் குறைக்கக் கிளம்பியவளுக்கு முதல் வேலை இரத்தத்தை ஏற்றுவது என்று ஆகிவிட்டது. டாக்டர் ஒன்று சொன்னார்: "இது இந்த டயட்டால மட்டும் வந்ததில்லைம்மா, ரொம்ப நாளாவே இருந்திருக்கும்." அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 வயதிலிருந்து 49 வரை, 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40 சதவீதம் பெண்கள் அதிக எடை. இரண்டும் ஒரே ஊரில், பல வீடுகளில் ஒரே உடம்பில் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. எடையை மட்டும் பார்த்துச் சாப்பாட்டைப் பாதியாக்கினால், ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் இரும்பும் புரதமும் பாதியாகிவிடும். இளம்பெண்கள் யார் டயட் என்று ஆரம்பித்தாலும் தராசில் ஏறுவதற்கு முன்னால் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு தட்டைத் திருத்தினோம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளுக்கு என்று சொல்லும் அளவு சுலபமானது. 2000 கலோரிக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, முட்டை, மீன் வகை 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். நம் தட்டில் முதல் கணக்கு மீறும், மற்ற இரண்டும் குறையும். கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்றால் என் மகளுக்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் அதிகம். அதனால் இட்லி மூன்றானது, அதோடு ஒரு அவித்த முட்டை. மத்தியானச் சோறு ஒரு கரண்டி குறைந்து, பருப்பு ஒரு கரண்டி கூடியது. சாயங்காலம் சுண்டல். முருங்கைக்கீரைப் பொரியலை எலுமிச்சம் பழம் பிழிந்து சாப்பிடுகிறாள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது, ஏனென்றால் டீ இரும்பைச் சேர விடாது. புரதப் பொடி டப்பா வாங்க வேண்டுமா என்று கேட்டாள். அதே வழிகாட்டி அது வேண்டாம் என்கிறது. அந்தக் காசுக்குக் கடலையும் முட்டையும் மாதம் முழுக்க வரும்.

இரத்தம் தேறிய பிறகுதான் ஜிம். அங்கே ஒரு பெண் பயிற்சியாளர். முதலில் வெறும் கம்பியை வைத்து முதுகை எப்படி நேராக வைப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொட்டகை வாத்தியார் செய்ததும் இதுவேதான். இப்போது மகள் டெட்லிஃப்டில் ஐம்பது கிலோ தூக்குகிறாள். ஒரு வீடியோ அனுப்பினாள்: கம்பியைப் பிடிக்கும் முன் உள்ளங்கையில் சுண்ணப்பொடி தேய்க்கிறாள், ஒரு மூச்சு இழுத்து நிறுத்துகிறாள், பிறகு தரையிலிருந்து கம்பி கிளம்புகிறது. அந்த மூச்சை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "பொம்பளப் பிள்ளை இதைத் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்," என்றார் ஒரு பெரியம்மா. தண்ணீர்க் குடத்தை ஆயுள் முழுக்க இடுப்பில் தூக்கியவர் அவர். இருபது, இருபத்தைந்து வயதில் முறையாகப் பளு தூக்கினால் எலும்பு அடர்த்தி கூடும். முப்பதைத் தாண்டினால் அந்தச் சேமிப்புக் காலம் முடிந்துவிடும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸில் முதன்முறையாகப் பெண்களுக்குப் பளுதூக்கும் போட்டி வைத்தார்கள். அதில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டியவன் என் அண்ணன்.

அவனுக்கு இப்போது ஐம்பத்தைந்துக்கு மேல். கல்யாணத்துக்குப் பிறகு கொட்டகைக்குப் போவது நின்றது. பிறகு கொட்டகையே இல்லாமல் போனது. போன மாதம் சர்க்கரை எல்லையைத் தாண்டிவிட்டது. என் மகள்தான் அவனுக்குத் தினம் போன் போடுகிறாள். "மாமா, சாப்பிட்ட சர்க்கரையை இழுத்துக்கிற பெரிய இடமே தசைதான். நடக்கிறது நல்லதுதான், ஆனா அது மட்டும் பத்தாது. வாரத்துல ரெண்டு நாள் பளு எடுங்க." பஸ்கிக்கு ஒத்துக்கொண்டான். சோற்றைக் குறைப்பதில் மட்டும் பேரம் நடக்கிறது.

அவளுக்கு என்னையும் விட மனசில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் என்று பயமுறுத்துகிறாள், அது பொய்யும் இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஜிம் இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. உலை கொதிக்கும் நேரம், வேலைக்குப் போகும் பெண்களுக்கோ வாய்ப்பே இல்லை. காலை ஆறு மணிக்கு மாற்றித் தரக் கேட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால் பார்க்கலாம் என்கிறார் நடத்துபவர். பூக்கடைக்காரம்மா, எதிர்வீட்டு டீச்சர், அவர் மருமகள் என்று பேர் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன். இன்னும் மூன்று பேர் வேண்டும்.