பெருக்கினால் குறையும்!

வைஃபை சிப்பில் அலைவரிசையைக் குறைக்க ‘மிக்ஸர்’ அதைப் பெருக்குகிறதாமே? பெருக்கினால் கூடத்தானே செய்யும்?

பதினோராம் வகுப்பு முக்கோணவியலைப் புரட்டுங்கள். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் வரும், கழித்தலும் வரும். வானில் வரும் அலை 2442 மெகாஹெர்ட்ஸ், சிப்பே உண்டாக்கும் அலை 2437. பெருக்கினால் 4879, கூடவே 5. பெரியதை வடிகட்டிவிட்டு ஐந்தை வைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு எத்தனை ஆயிரம் டிரான்சிஸ்டர்கள்?

மையச் சுற்றுக்கு ஆறே ஆறு! 1968-ல் பாரி கில்பர்ட் வெளியிட்டதால் ‘கில்பர்ட் செல்’. 1963-லேயே ஹோவர்ட் ஜோன்ஸ் இதை எட்டியிருந்தார். பெயரில் அவருக்கும் பங்கு தந்திருக்க வேண்டும்.

மிக்ஸரை வடிவமைப்பவருக்குப் பெரிய எதிரி யார்? பக்கத்து வீட்டு வைஃபையா?

சொந்த வீட்டு அலைதான். சிப்பே உண்டாக்கும் அலை ஆன்டெனா பக்கம் கசிந்து, திரும்பி வந்து, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். கழித்தால் பூஜ்யம், அதாவது அசையாத ஒரு மின்னழுத்தம். சிக்னலை நேராகப் பூஜ்யத்தைச் சுற்றிய அலைவரிசைக்கு இறக்கும் சிப்பில் அது சிக்னல் மேலேயே உட்கார்ந்துவிடும். சுற்றைச் சமச்சீராக அமைத்துக் கசிவைக் குறைக்கலாம், முழுக்க ஒழிப்பது பெரும்பாடு. அதனால்தான் 802.11ஏ என்ற வைஃபை தரத்தில் 52 துணை அலைகளுக்கு நடுவே, அந்தப் பூஜ்யம் விழும் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள்.